நாற்பத்தோராவது வரியின் டிக்

மேலாளர் கலோயன் பட்டியலைச் சுவர்த்திரையில் போட்டபோது காலை ஒன்பதே முக்கால். பல்கேரியாவின் ப்ளொவ்திவ் நகர அலுவலகத்தின் கூட்ட அறையில் ஏழு பேர் இருந்தார்கள். ரலீட்சா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்ட கிளவுட் மென்பொருள் ஒன்றின் ஆவணத்தில் வரும் பட்டியல் அது. இடப்பக்கம் எண்பத்து மூன்று தரவுச் சேமிப்புப் பெட்டிகளை இயக்கும் டிரைவர் நிரல்கள், மேலே வரிசையாக வசதிகள். பெட்டி அந்த வசதியைத் தாங்கும் என்றால் கட்டத்தில் டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி. இந்த டிக்குகளைக் கவனித்துக்கொள்ளத்தான் நிறுவனம் ரலீட்சாவுக்கு ஐந்து வருடமாகச் சம்பளம் கொடுத்தது.

நாற்பத்தோராவது வரியில், ஒரே டிஸ்க்கை இரண்டு மெஷின்களில் ஒரே நேரத்தில் மாட்டும் வசதிக்கு டிக் இருந்தது. அந்தப் பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. டிக்கை நம்பி வார்னா நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனம் ஒரு டிஸ்க்கை அப்படி மாட்டிவிட்டது. இரண்டு மெஷின்களும் ஒன்று எழுதியதன் மேலேயே இன்னொன்று எழுதி, ஆறு வருட முடிவுகளைக் கூழாக்கிவிட்டன. யார் போட்ட டிக் என்று பன்னிரண்டு மணிக்குள் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

கலோயன் ஒரு பொத்தானைத் தட்டினான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர் வந்து நின்றது. மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்.

"பென்கோ, பென்கோ, பென்கோ" என்று வாசித்துக்கொண்டே போனான் கலோயன். "என்னண்ணே, நூத்தியெட்டு தடவ சாமி பேரச் சொன்ன மாதிரில்ல இருக்கு."

இரண்டு பேர் சிரித்தார்கள். பென்கோவும் சிரித்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டித் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் கழித்தவர். தொழிற்சாலை மூடியதும் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணினி படித்து இங்கே வந்து சேர்ந்திருந்தார். ஆறு மாதத் தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இங்கே நிரந்தரமாகாவிட்டால் இந்த ஊரில் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நான் கோடு மட்டுந்தான் நேராக்கினேன்" என்றார் பென்கோ. "புதுசா ஒரு வசதி சேர்த்தாங்க. ஒரு கட்டம் அகலமாச்சு. அதனால எல்லா வரியையும் தள்ள வேண்டியிருந்துச்சு."

"நேராக்கும்போது கண்ணு தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

பென்கோ சொன்னது நிஜம் என்பது ரலீட்சாவுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வேலையைப் பதினொரு முறை திருப்பி அனுப்பியவளே அவள்தான். இங்கே ஓர் இடைவெளி கூடுதல், அங்கே ஒன்று குறைவு, முப்பதாவது வரி கோணல். மனிதர் மூன்று வாரம் ஸ்பேஸ் பொத்தானைத் தட்டித் தட்டி எண்பத்து மூன்று வரிகளையும் சீப்பு வைத்து வாரியதுபோல் ஆக்கினார். அவர் பெயர் எல்லா வரியிலும் ஏறி உட்கார்ந்தது அப்படித்தான். அதற்கு அடியில் யார் பெயர் இருந்தது என்று பார்க்க இன்னும் ஒரே ஒரு தட்டு போதும். கலோயனுக்கு அது தெரியும். ஆனால் கையில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது, மணியும் ஓடிக்கொண்டிருந்தது.

அடியில் இருந்தது ரலீட்சாவின் பெயர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை, நாற்பதாவது வரியை அப்படியே நகலெடுத்துப் பெட்டியின் பெயரை மாற்றினாள், கட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினாள், ஒன்றை விட்டுவிட்டாள். வரியை யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை, மேல்வரியைத்தான் நகலெடுப்பார்கள். நேற்று மாலை செய்தி வந்த உடனே போய்ப் பார்த்துவிட்டாள். அடுத்த வாரம் ஆவணக் குழுவின் தலைமைக்கு வாக்கெடுப்பு. நிற்பது அவள் ஒருத்திதான்.

"ரலீட்சா, நீதான பாத்து ஒப்புதல் குடுத்த? நீ என்ன சொல்ற?"

"எம்பத்தி மூணு வரி" என்றாள் அவள். குரல் நடுங்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "எல்லா வரியையும் அவர்தான் தொட்டிருக்காரு."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பென்கோ திரும்பி அவளைப் பார்த்தார். கோபமில்லை, ஏதோ கணக்கு இடிக்கிற மாதிரியான பார்வை.

பதினொன்றரைக்கு பென்கோவின் பெயரோடு வார்னாவுக்குக் கடிதம் போயிற்று. "வெள்ளிக்கெழம வரைக்கும் வரணும்னு இல்லண்ணே. இன்னிக்கே கெளம்புங்க" என்றான் கலோயன். "போறதுக்கு முன்னாடி அந்த டிக்க மட்டும் மாத்திட்டுப் போயிருங்க. அதுலயாவது தப்பு இல்லாம பாத்துக்கோங்க."

நாலு மணிக்கு பென்கோ கோட்டைப் போட்டுக்கொண்டு ரலீட்சாவின் மேசைக்கு வந்தார்.

"மாத்திட்டேம்மா. நீங்க பாத்து ஒப்புதல் குடுத்துருங்க."

அவள் திறந்து பார்த்தாள். நாற்பத்தோராவது வரியில் பெருக்கல் குறி. இடைவெளிகள் எல்லாம் சரி. கீழே, எந்த மாற்றத்தில் இந்தத் தவறு உள்ளே வந்தது என்று அதன் எண்ணைக் குறிக்க வேண்டிய வரி வெறுமையாக இருந்தது. அது இல்லாமல் எந்தத் திருத்தத்தையும் இந்தத் திட்டத்தில் ஏற்பதில்லை.

"எண் போடலியே."

"போடல. நீங்களே போட்டுக்கோங்க."

"எதுன்னு தெரியலையா?"

"தெரியும்" என்றார் பென்கோ. "மத்தியானம் உக்காந்து பாத்தேன். ஒரு தட்டுதான்."

அவள் காதுகள் சுட்டன. ஏதாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள், சொன்னால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் அவள் மேசையோரம் சாய்ந்திருந்த நாற்காலியை நேராக நகர்த்தி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ரலீட்சா இரண்டு மாற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள். ஒன்று இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் செய்தது, ஒன்று அவர் வரிகளை நேராக்கியது. கலோயனிடம் போய்ச் சொல்லிவிடலாம், பதினைந்து அடி தூரம். ஆனால் கடிதம் போய்விட்டது. காலையில் சொல்லாததை மாலையில் சொன்னால் அது இன்னும் அசிங்கம். கடைசியாகத் தொட்டவர் அவர்தானே. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே அவருடைய மாற்றத்தின் எண்ணைத் தட்டிச் சேமித்தாள். தானியங்கிச் சோதனை ஓடியது. அது வரியின் நீளத்தையும் இடைவெளியையும் மட்டும்தான் பார்க்கும். எல்லாம் சரி என்று பச்சை விழுந்தது.

திருத்தத்தில் யார் எதைத் தொட்டாலும் அதை எழுதியவருக்கு மின்னஞ்சல் போய்விடும் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தெருவுக்கு அந்தப்பக்கம் பேருந்து நிறுத்தத்தில் பென்கோ கோட்டுப் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தார், கையை நீட்டித் தூரத்தில் பிடித்து வாசித்தார். பேருந்து வந்து கதவைத் திறந்தது. இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஓட்டுநர் சற்று நேரம் கதவை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடிக்கொண்டு கிளம்பினார். பென்கோ போனை இன்னும் நீட்டிப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.