குழாய்களைப் பெண் கேட்டுப் போனவர்கள்

அந்த இலையுதிர் காலத்தில் போலோதே என்ற மலைக் கிராமத்தில் முப்பது வீடுகளுக்குப் பெண் கேட்டுப் போனார்கள். கேட்கப்பட்ட பெண்கள் அத்தனை பேரும் இரும்புக் குழாய்கள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் சவ்ரி. தலைநகர் துஷான்பேயிலிருந்து வந்த பொறியாளர் மலை ஊற்றுக்குப் புதுத் தொட்டி கட்டிவிட்டு, அங்கிருந்து ஊருக்கு வரும் பழைய குழாய்ப் பாதையைத் தோண்டிப் பார்த்தார். உள்ளே மண்தான் இருந்தது.

"குழாயெல்லாம் எங்கம்மா?" என்றார்.

ஊர் மொத்தமும் வானத்தைப் பார்த்தது. உள்நாட்டுச் சண்டை நடந்த ஆண்டுகளில் குழாயில் தண்ணீர் நின்றதும், ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். திராட்சைப் பந்தல், மாட்டுக் கொட்டகைக் கூரை என்று எங்கே பார்த்தாலும் ஊர்ச் சொத்துதான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நாப்பத்துநாலு குழாயும் உங்க கையில இருக்கும்" என்று சொல்லிவிட்டாள் சவ்ரி. வெள்ளிக்கிழமை தப்பினால் கணவாயில் பனி விழுந்து பாதை அடைத்துவிடும். வெல்டிங் லாரி கிளம்பிப் போனால் இனி அடுத்த கோடையில்தான் வரும். போன கோடையில் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து அவள் மகளுக்கு டைபாய்டு வந்து, நாற்பது நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பிழைத்ததே பெரிய காரியம். இன்னொரு கோடைக்கு அந்தத் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவர சவ்ரிக்குத் துணிச்சல் இல்லை.

முதல் நாள் அவள் நேரடியாகவே கேட்டாள். குழாய்க்கு அடியிலேயே நின்றுகொண்டு, "குழாயா? எங்க வீட்லயா?" என்று கூசாமல் கேட்டார்கள். பக்கத்து வீட்டு ஆய்தின்தான் வழி சொன்னாள். அவள் வாய்க்கு அந்தப் பள்ளத்தாக்கே பயப்படும்.

"அதட்டினா ஒளிச்சு வைப்பாங்கடி. பொண்ணு கேளு. ரொட்டியோட வந்தவளை எவ வெளிய அனுப்புவா?"

பெண் கேட்டு வருகிறவர்கள் முன்னால் வைக்கும் ரொட்டியைப் பெண் வீட்டார் பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறக்கூடாது. இரண்டு பேரும் நல்ல பட்டு உடுத்தி, வாத்தியார் வீட்டு விரிப்பில் போய் உட்கார்ந்தார்கள்.

"உங்க வீட்ல ஒரு பொண்ணு இருக்கறதா கேள்விப்பட்டோம்" என்று ஆரம்பித்தாள் ஆய்தின்.

"எங்களுக்கு மூணும் பசங்களாச்சே!"

"பந்தல்ல படுத்திருக்காளே, ஒல்லியா, ஆறு மீட்டர் நீளத்துல. நிறம்தான் கொஞ்சம் துரு. பரவாயில்ல, எங்க பையனும் ஒண்ணும் மன்மதன் இல்ல."

"பையன் என்ன பண்றான்?" என்றாள் வாத்தியார் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மலை மேல இருக்கான். தண்ணிக்குப் பஞ்சமில்லாத குடும்பம்."

"பந்தல் விழுந்துடுமே!" என்று வாத்தியார் அலறினார்.

"சீர் நாங்க தர்றோம். ரெண்டு பாப்லர் மரக் கம்பு. பொண்ணை மட்டும் அனுப்புங்க."

வாத்தியார் மனைவி ரொட்டியைப் பிட்டேவிட்டாள். செய்தி அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. புதன்கிழமைக்குள், "எங்க வீட்டுக்கு ஏன் இன்னும் வரலை? எங்க பொண்ணு மட்டும் மட்டமா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தி தன் குழாய்க்குச் சிவப்புத் துணி கட்டி, அழுது வழியனுப்பினாள். குழாய் வர வர வெல்டிங்காரர் இணைத்துக்கொண்டே வந்தார். வியாழக்கிழமை மதியம் நாற்பத்தொன்று சேர்ந்தது. ஊருக்குப் பதினெட்டு மீட்டர் முன்னால் வேலை நின்றது.

மீதி மூன்று எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.

அவை ஹக்நஸர் கிழவரின் மகன் கல்லறையைச் சுற்றி மூன்று பக்கமும் வேலியாக இருந்தன. ஆறு வருஷத்துக்கு முன் ஆற்றங்கரையில் குண்டு பட்டு இறந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்கு அக்கரையில் துப்பாக்கியோடு நின்றவர்களில் சவ்ரியின் தம்பியும் ஒருவன். அதற்குப் பிறகு அவள் வீட்டு ஆட்களின் சலாமுக்குக் கிழவர் பதில் சொன்னதில்லை.

சவ்ரி தனியாகத்தான் போனாள். கிழவர் கதவைத் திறந்தார், தேநீர் ஊற்றினார்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், பெரியப்பா."

"ஆறு வருஷமா வராதவ சும்மா வந்தியாக்கும்."

சவ்ரி ரொட்டியை விரிப்பில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். தெருமுனையில் காத்திருந்த ஆய்தினைக் கண்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எந்த வாயால கேப்பேன்? வேண்டாம்டி. லாரி அடுத்த கோடையிலயே வரட்டும்."

வெள்ளிக்கிழமை காலை பொறியாளரிடம் அதையே சொன்னாள். அவர் ஊரைத் திட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். லாரி உறுமிக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து ஒரு கழுதை வண்டி இறங்கி வந்தது. பின்னால் மூன்று குழாய்கள் தரையில் இழுபட்டு ஊரையே எழுப்பின. பக்கத்தில் ஹக்நஸர் நடந்து வந்தார். கையில் சவ்ரியின் ரொட்டி, பாதி பிட்டது.

"பொண்ணு கேக்க வந்தவ கேக்காமலே ஓடினா, பொண்ணைப் பெத்தவன் என்ன நினைப்பான்? எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்னடி குறைச்சல்?"

"பெரியப்பா, அது உங்க பையனோட கல்லறை வேலி..."

"அவன் அன்னைக்கு எதுக்கு ஆத்துக்குப் போனான் தெரியுமா? ரெண்டு வாளி தண்ணிக்கு. மாவு பிசைய அவங்கம்மா கேட்டா. தெருவுலயே குழாய்ல வந்திருந்தா போயிருப்பானா? நான் அந்தக் குழாயைப் பிடுங்கி அவனுக்கே வேலி போட்டேன், அறிவுகெட்டவன்."

சவ்ரி எல்லோர் முன்னாலும் விசும்பி விசும்பி அழுதாள்.

"அழுதது போதும். லாரிக்காரன் கிளம்பறான், முன்பக்கம் நீ பிடி" என்றார் கிழவர்.

வெல்டிங் நடக்கும்போதே பாதி ஊர் வில்லோ மரக் கம்புகளோடு மேட்டுக்குப் போய்க் கல்லறைக்குப் புது வேலி கட்டியது. சாயங்காலம் பொறியாளர் மேலே வால்வைத் திறந்தார். குழாய் இருமியது, செருமியது, வாத்தியாரின் நல்ல சட்டைமேல் சேற்றைத் துப்பியது. அப்புறம் கொட்ட ஆரம்பித்தது, கண்ணாடியாட்டம். பெண்கள் கூச்சலோடு வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சவ்ரியின் மகள் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள்.

கடைசியாக ஹக்நஸர் வந்தார். கையை நீட்டித் தண்ணீருக்கு அடியில் வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. தெருவில் தண்ணீர் பெருகி ஓடியது.

"தண்ணி வீணாப் போகுதே, பெரியப்பா" என்றாள் ஆய்தின் மெதுவாக.

"போகட்டும்" என்றார் அவர். "இன்னைக்கு ஒருநாள் போகட்டும்."

குழாயை மூடத் திருகில் கை வைத்திருந்த சவ்ரி கையை எடுத்துக்கொண்டாள்.