பாதியில் வந்த விமானம்

தியாகேசனின் இரும்புப் பெட்டி மார்கழி மாதம் வீடு வந்து சேர்ந்தது. அப்போது அவன் இறந்து இருபது நாளாகியிருந்தது. வலங்கைமானுக்குப் பக்கத்தில் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி. தேறி, விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவன். வடக்கே ஒரு தளத்தில் விபத்து என்று தந்தி வந்தது. உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள்.

பெட்டிக்குள் சீருடை, இரண்டு சட்டை, ஓர் அட்டைப்பெட்டி. அட்டையின் மேல் போர் விமானத்தின் படம். உள்ளே பாதி ஒட்டிய பிளாஸ்டிக் விமானம் இருந்தது. இறக்கை சேர்ந்திருந்தது, வால் இல்லை. மீதித் துண்டுகளுடன் பசைக் குழாய், சின்னச் சின்னப் பெயிண்ட் டப்பாக்கள், எண் போட்ட படத்தாள், நனைத்து ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட இன்னொரு தாள்.

‘பொங்கலுக்கு வரும்போது ஒரு விமானம் செஞ்சு எடுத்தாறேன்’ என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான்.

தை பிறந்தது. அறுப்புக்குக் கூலி நெல் கூட்டிக் கேட்டு ஊரே வேலைநிறுத்தத்தில் இருந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. யாரும் வயலில் இறங்கவில்லை. வேலையற்ற கையோடு அப்பா மருதையன் அட்டைப்பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார்.

“புள்ளைய வாரிக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கோம். உங்களுக்குப் பொம்மை கேக்குதா?” என்றாள் அவர் மனைவி அம்சம்.

“அவன் கை வச்சதும்மா. அப்படியே போட்டுடவா?”

எண்ணைப் பார்த்துப் பார்த்து வாலை ஒட்டினார், சக்கரங்களை ஒட்டினார். விமானி உட்காரும் இடத்துக்கு மேல் கண்ணாடி மூடியை வைக்கும்போது பசை வழிந்துவிட்டது. வேட்டி நுனியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி வெளுத்துப் புகைபோல் ஆனது. தந்தி வந்த அன்றும் அழாதவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அம்சம் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் பண்ணை வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியது. வரப்பில் மறித்தவர்களைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. மருதையனுக்குத் திருச்சி சிறையில் நாற்பது நாள்.

தனியாக இருந்த நாட்களில் அம்சம் பெயிண்ட் டப்பாக்களைத் திறந்தாள். அட்டையின் படத்தைப் பார்த்தே பச்சையும் பழுப்பும் பூசினாள். படத்தாளில் காட்டியிருந்தபடி ஒட்டுச் சின்னங்களைத் தண்ணீரில் நனைத்ததும் அவை நழுவி விரலில் ஒட்டிக்கொண்டன. வீணாகிவிட்டதோ என்று பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கையில் ஒவ்வொன்றாகப் படிய வைத்தாள். வட்டங்கள் சரியாக அமைந்தன. எழுத்துகளைத்தான் தலைகீழாக ஒட்டிவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சிறையிலிருந்து திரும்பிய மருதையனுக்கும் தெரியாது.

சித்திரையில் தியாகேசனின் கூட்டாளி வைத்தியலிங்கம் லீவில் வந்தான். திருவையாற்றுக்காரன், அதே தளத்தில் வேலை. அம்சம் விமானத்தை இரண்டு கையிலும் ஏந்தி வந்து கொடுத்தாள்.

“அவன் செஞ்சிருந்தா எப்படிப்பா இருக்கும்?”

வைத்தியலிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்துகளின் மேல் அவன் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது.

“இப்படித்தாம்மா இருக்கும்.”

அதுவரை யாரிடமும் கேட்காததை அம்சம் அப்போது கேட்டாள். “நீ பக்கத்துல இருந்தியா?”

“இருந்தேம்மா. தண்ணி கேட்டான்.”

“குடுத்தியா?”

“என் மடியில சாச்சு வச்சுக் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சான்.”

மருதையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்சம் வைத்தியலிங்கத்தின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.