ஆறு சொட்டு

சாளை மீன் குவியலைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஏலக்காரன் தொகையை ஏற்றிக்கொண்டே போனான். குளோரி கையைத் தூக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. புருவத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தினாள். அது போதும். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் புருவத்தை அவனுக்குத் தெரியும். குவியல் அவள் பேருக்கு விழுந்தது. மீனை அலுமினியச் சருவத்தில் வாரிப் போட்டு, மேலே இரண்டு கை ஐஸ் தூவி, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு டெம்போவைப் பார்க்க நடந்தாள்.

இடுப்பில் நீல பாட்டில் ஆடியது. தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே உள்ள அந்தச் சின்னக் கரையில் தலைச்சுமையாக மீன் விற்கும் நாற்பது பெண்களிடமும் அந்தப் பாட்டில் இருந்தது. எட்டு நாட்டுக்காரர்கள் ஒன்றுகூடி நடத்துகிற திட்டம் என்று சொல்லி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்தார்கள். உலகத்தில் வெயில் கூடிக்கொண்டே போகிறதாம், வெயிலில் நடக்கிறவர்களுக்குக் கிட்னி கெடுகிறதாம், தண்ணீர் நிறையக் குடித்தால் கெடாமல் இருக்குமா என்று பார்க்கிறார்களாம். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில். பாட்டிலில் ஆறு கோடு. ஒரு கோடு தண்ணீர் இறங்கினால் அட்டையில் ஒரு சொட்டுப் படத்தின் மேல் டிக் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் ரத்தமும் மூத்திரமும் எடுப்பார்கள்.

குளோரி காலையில் நாலு மணிக்கு ஒரு கட்டஞ்சாயா குடிப்பாள். அதோடு சரி. சாயங்காலம் வீடு திரும்பிக் கதவைச் சாத்திக் கக்கூசுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் தண்ணீர் உள்ளே இறங்கும். அவளுடைய பழைய வீடு கரையிலிருந்து முப்பது எட்டு வைத்தால் வந்துவிடும். ஏலத்துக்கும் டெம்போவுக்கும் நடுவே ஓடிப்போய் வந்துவிடலாம். மூன்று வருஷத்துக்கு முன் கடல் ஏறி வந்து அந்த வரிசையையே கொண்டுபோனது. இப்போது வீடு காலனியில், மூன்று கிலோமீட்டர் தள்ளி.

டெம்போ அருமனைக்கு இந்தப் பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து நடை. முன்பெல்லாம் ரப்பர் விளைக்குள் மரத்து மறைவில் ஒதுங்கிக்கொள்ளலாம். இப்போது விளைக்கு விளை சுற்றுச்சுவர், கேட், கேமரா. சந்திப்பில் ஒரு கட்டணக் கழிப்பறை உண்டு. சருவத்தோடு உள்ளே விடமாட்டார்கள், வெளியே வைத்துவிட்டுப் போனால் நாய் வாய் வைக்கும். ஒரே ஒரு தடவை, பத்து வருஷமாக மீன் வாங்குகிற வீட்டில் கேட்டாள். அந்த வீட்டம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "மாட்டுத் தொழுத்துக்குப் பொறத்தால போய்க்கோ. உள்ள வந்தா மீன்நாத்தம் நாலு நாளைக்குப் போவாது." அதற்குப் பிறகு குளோரி எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

பாட்டில் தண்ணீரில் பாதியை மீன்மேல் தெளிப்பாள். மீதியில், வாசல்படிகளில் மீன் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கை கழுவுவாள். மத்தியானம் ஒரு மணிக்குள் பாட்டில் காலி. நாற்பது பேரும் அப்படித்தான்.

"எட்டு நாட்டுக்காரனும் ஒண்ணாக் கூடி, சாளைக்குக் கிட்னிய நல்லாக்குதான் மைனி" என்பாள் ஜாஸ்பின். அவளும் மீன்காரிதான், எதையும் சிரிப்பாக்கிவிடுகிறவள். அவளுடைய அக்காள் கிட்னி போய் இரண்டு வருஷம் மெஷினில் கிடந்து செத்தவள். அதைச் சொல்லும்போது மட்டும் ஜாஸ்பின் சிரிக்கமாட்டாள்.

*

சாயங்காலம் சுபிதா வந்தாள். அருமனைக்காரி, நர்சிங் படித்துவிட்டு, அட்டை பார்க்கிற வேலைக்கு வந்த பிள்ளை. படியில் உட்கார்ந்து போனைத் திறந்தவள், வழக்கமாகக் கேட்கிற 'எத்தனை சொட்டு' என்ற கேள்வியைக் கேட்கவில்லை.

"அக்கா, ரத்த ரிசல்ட் வந்திருக்கு. கிரியேட்டினின் ரெண்டு பாயின்ட் மூணு. ஆரம்பத்துல ஒண்ணுதான் இருந்துச்சு. கால் வீங்குதா?"

குளோரி சேலையை ஏற்றிக் கணுக்காலை விரலால் அமுக்கிக் காட்டினாள். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவில்லை.

"எதுக்கு ஏறுதாம்?"

"அதுதான் மேல உள்ளவங்களுக்கும் பிடிபடல. உங்க அட்டைதான் கரையிலேயே முழு அட்டை. நான் வந்த பிறகு ஒரு நாள்கூட ஆறு சொட்டுக்குக் குறையல. இவ்வளவு வெள்ளம் குடிச்சும் ஏறுதுன்னா வெள்ளத்தால பிரயோஜனம் இல்லன்னு எழுதிட்டாங்க. இந்தக் கரைக்காரங்க ரத்தத்துலயே ஏதோ கோளாறு இருக்கும்னு சந்தேகம். வியாழக்கிழமை வெளிநாட்டு டாக்டருங்க வாறாங்க. பேசறதுக்கு உங்களத்தான் எடுத்திருக்கு. அவங்களுக்குப் பிடிச்சா ரெண்டாம் கட்டம் வரும். கரையிலேயே டாக்டர், சும்மா மருந்து."

குளோரி கால் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடிக்கல்ல மக்கா."

"என்னது?"

"ஒரு சொட்டும் குடிக்கல்ல. ஒருத்தியும் குடிக்கல்ல. குடிச்சா எங்க போய் இருக்கட்டும்? நடுரோட்டுலயா?"

சுபிதா போனைக் கவிழ்த்து வைத்தாள். "பின்ன எதுக்கு அக்கா டிக் போட்டீங்க?"

"உனக்கு முன்னால வந்த பிள்ளைய எதுக்கு நிறுத்தினாங்க? நாலு சொட்டுக்குக் கொறஞ்சா போன்ல செவப்பு விழும், செவப்பு கூடினா அவ ஒழுங்காச் சொல்லிக் குடுக்கல்லன்னு ஆவும். அது இஞ்ச வந்து இந்தப் படியிலதான் இருந்து அழுதிச்சு. உனக்க வாயில மண்ணு விழாண்டாம்னு எல்லாரும் சேர்ந்துதான் பேசிக்கிட்டோம். நீ எழுதிப் போடேன் மக்கா, கக்கூசு இல்லன்னு."

"அதுக்கு ஆப்புல கட்டம் இல்ல அக்கா."

"அப்ப வியாழக்கிழமை நான் சொல்லுதேன். வெள்ளம் குடிக்காமதான் போச்சுன்னு தெரிஞ்சா, குடிக்க வழி பண்ணுவாங்க இல்லியா? நாலு இடத்துல ஒரு கக்கூசு. அம்புட்டுதானே?"

சுபிதாவின் முகம் வெளுத்துவிட்டது. "என்னைய மாட்டிவிட்டுராதீங்க அக்கா."

"உனக்க பேரு வராது. நாங்க கள்ளம் சொன்னோம்னுதான் சொல்லுவேன். பேடிக்காத."

*

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே நாற்பது பேரையும் சருவத்தோடு ஏலக்கூடத்தில் வரிசையாக உட்காரவைத்தார் டைட்டஸ் சார். திட்டத்துக்கு இந்தப் பக்கம் அவர்தான் பொறுப்பு. தூணுக்குத் தூண் துணி கட்டியிருந்தது: 'யாரும் விடுபடாமல், எல்லோரும் ஒன்றாய்.' விருந்தாளிகள் எட்டு மணிக்கு வருவார்கள், அதுவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, ஒன்பதுக்கு டெம்போவில் ஏற்றிவிடுவது தன் பொறுப்பு என்றார்.

ஏழு மணிக்கு ஒரு லாரி வந்து பெட்டிபோல ஒன்றை இறக்கியது. நீல நிறக் கூண்டு. உள்ளே வெள்ளைக் கக்கூஸ், குழாய், கண்ணாடி, மேலே தண்ணீர்த் தொட்டி. கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: 'விருந்தினர்களுக்கு மட்டும்.' ஒரு ஸ்டூலைப் போட்டு அதற்குக் காவலாக உட்கார்ந்தான் ஷைஜு. காலனியில் ஜாஸ்பினுக்கு அடுத்த வீட்டுப் பையன். முப்பது வயது, கடலுக்குப் போய்க் கை ஒடிந்தவன்.

எட்டும் ஆனது, ஒன்பதும் ஆனது. ஐஸ் உருகி மீன்வெள்ளம் கால்களுக்கிடையே ஓடியது. ஜாஸ்பின் எழுந்து போய்க் கூண்டின் முன்னால் நின்றாள்.

"ஏலே ஷைஜு, கதவத் தொற."

"விருந்தாளிக்குள்ளது மைனி."

"வெள்ளக்கார மதாம்மைக்கு வாறது எனக்கு வராதாலே? எனக்கென்ன பைப்பு வேறயா வெச்சிருக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். ஷைஜுவும் சிரித்தான், ஆனால் ஸ்டூலை விட்டு எழும்பவில்லை. "சாவி டைட்டஸ் சாருக்க கையில. எனக்க ஒருநாள் கூலியக் கெடுக்காண்டாம் மைனி. போய் இருங்க."

பத்தரைக்கு மூன்று கார் வந்தது. முதலில் கேமராக்காரன் இறங்கி, முழு அட்டைக்காரி யார் என்று கேட்டான். குளோரியைத் தனியே வெயிலில் நிற்கவைத்து, தலையில் சருவம், கையில் நீல பாட்டில், குடிக்கச் சொன்னான். குடித்தாள். சூரியன் எதிரே விழுகிறது என்று திருப்பி நிற்கவைத்தான். மறுபடியும் குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்குவது தெரிய வேண்டும், மெதுவாக, இன்னொரு தடவை. சுபிதா பாட்டிலை நிரப்பி நிரப்பிக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பகலில் அவ்வளவு தண்ணீர் குளோரி குடித்ததில்லை.

அப்புறம் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முன்வரிசையில் பத்துப் பதினைந்து பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. டைட்டஸ் சார் பக்கத்தில் வந்து, "நன்றி சொல்லித் தொடங்கணும்" என்று காதோடு சொன்னார்.

"கும்பிடுதேன். இந்தப் பாட்டிலத் தந்ததுக்கு நன்றி. ஆனா இதுல உள்ள வெள்ளத்த ரெண்டு வருசமா நாங்க குடிக்கல்ல."

டைட்டஸ் சார் மொழிபெயர்க்கவில்லை. விருந்தாளிகளோடு வந்திருந்த திருவனந்தபுரத்து டாக்டர் ஒருவர் எழுந்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். குளோரி ரப்பர் விளைச் சுவரைச் சொன்னாள், கேமராவைச் சொன்னாள், கழிப்பறை வாசல் நாயைச் சொன்னாள். மாட்டுத் தொழுவத்தையும் சொன்னாள். "டிக் போட்டது கள்ளம். அது எங்க தப்பு. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. எங்க ரத்தத்துல கோளாறு இல்ல. மூத்திரத்த அடக்கி அடக்கித்தான், வெள்ளம் குடிக்காமதான் இந்தக் கெதி. போற வழியில நாலு கக்கூசு கெட்டித் தாருங்க. நாங்க குடிக்கோம். ஒரு சொட்டு விடாமக் குடிக்கோம்."

நரைத்த தலை அம்மா, எல்லோருமா என்று கேட்டாள். முதலில் ஜாஸ்பின் கையைத் தூக்கினாள். பிறகு ஒவ்வொரு கையாக எழும்பியது. செதில் ஒட்டிய நாற்பது கை.

அந்த அம்மா எழுந்து வந்து குளோரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு உண்மையான பேச்சை எந்த நாட்டிலும் தான் கேட்டதில்லை என்றாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கேமரா அதையும் எடுத்தது. குளோரிக்கு அடிவயிறு இறுகத் தொடங்கியிருந்தது. இருந்தாலும் சிரித்தாள்.

விருந்தாளிகள் கார்ப் பக்கத்தில் நின்று கால் மணி நேரம் பேசினார்கள். கார்கள் புறப்பட்டன. டைட்டஸ் சார் மட்டும் திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சந்தோசமா இப்ப? இந்தக் கரைக்க கணக்கு மொத்தமும் தள்ளியாச்சு. கள்ளக் கணக்க எவன் வெச்சிருப்பான்? ரெண்டாம் கட்டம் வேற நாட்டுக்குப் போவுது."

"அப்ப கக்கூசு சாரே?"

"அது எங்க சோலியில்ல. நாங்க ஆராய்ச்சி. கக்கூசுக்கு வேற டிப்பார்ட்டுமென்டு."

"எனக்க கிட்னி?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில காட்டணும். பாட்டில எல்லாரும் திரும்பத் தந்துட்டுப் போங்க. நாப்பதும் வரணும்."

சுபிதா ஒரு சாக்கோடு வரிசையாக வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. குளோரி பாட்டிலைச் சாக்கில் போட்டாள்.

"உனக்க பேர நான் சொல்லல்லியே மக்கா."

"சொல்லல அக்கா. நாப்பது பேருக்க அட்டையிலயும் கீழ எனக்க கையெழுத்துல்லா இருக்கு. இன்னையோட நின்னுக்கச் சொல்லிட்டாரு."

சாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு அவள் அடுத்தவளிடம் போனாள்.

டெம்போ ஹாரன் அடித்தது. மணி பதினொன்றே முக்கால். சாளையின் கண்கள் சிவந்து வயிறு கொழகொழக்கத் தொடங்கியிருந்தது; இன்னும் ஒரு மணி நேரத்தில் யாரும் வாங்கமாட்டார்கள். கரையில் ஒதுங்க மறைவில்லை, காலனிக்குப் போய் வர நேரமில்லை. குளோரி சருவத்தை ஜாஸ்பினிடம் விட்டுவிட்டுக் கூண்டை நோக்கி ஓடினாள். ஓட முடியவில்லை, தொடையை இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

கூண்டு தரையில் இல்லை. ஆட்கள் அதைச் சங்கிலி போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஷைஜு ஸ்டூலை மடக்கிக்கொண்டிருந்தான்.

"மக்கா, ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம் எறக்கச் சொல்லு."

"வாடகைக்கு வந்தது மைனி. பன்னிரண்டரைக்கு இன்னொரு எடத்துல எறக்கணுமாம். நான் சொன்னா நிக்குமா?"

அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

டெம்போவின் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள் குளோரி. உட்கார முடியவில்லை. ரோடு ஒன்றுதான், லாரி முன்னால் போக, டெம்போ பின்னால் போனது. ஒவ்வொரு குழியிலும் கூண்டின் மேல்தொட்டி தளும்பி, தண்ணீர் ரோட்டில் கோடாக விழுந்தது. டெம்போ அந்த ஈரத்தின் மேலேயே ஓடியது.

பாலத்து மேட்டில் லாரி குலுங்கியபோது, விருந்தாளிகளுக்காகத் திறந்துவைத்துப் பிறகு பூட்டாமல் விட்டிருந்த கதவு படீரென்று திறந்துகொண்டது. கதவு ஆடியது, மூடியது, மறுபடி திறந்தது. வெயில் உள்ளே விழுந்து, வெள்ளைக் கக்கூஸ் நன்றாகத் தெரிந்தது. அதன்மேல், வாடகைக்கு அனுப்பியபோது சுற்றிய பிளாஸ்டிக் தாள் இன்னும் கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

குளோரியின் காலோடு வெதுவெதுப்பாக இறங்கி, டெம்போ தரையில் மீன்வெள்ளத்தோடு கலந்தது.