பன்னிரண்டாவது இடம்

அபுதாபி பக்கம் ருவைஸில் எங்கள் ஆலை பெரிசு, கம்ப்யூட்டர் கிழடு. எங்கோ ஓர் அறையில் ஒரே மெஷின். ஆலை முழுக்க இருக்கும் திரைகள் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அறுபதுகளில் மெஷின் யானை விலை விற்றதால், பலபேர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளக் கண்டுபிடித்த ஏற்பாடாம். கண் இமைப்பதற்குள் ஆளுக்கு ஆள் தாவிவிடும். ஒவ்வொருவனும் அது தனக்கே தனக்கு என்று நினைத்துக்கொள்வான். எங்கள் ஆலைக்கு ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேர்தான். பதின்மூன்றாவது ஆள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஐந்து நிமிடம் விசையைத் தொடாவிட்டால் இடம் போய்விடும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். "இதோ வர்றேன்" என்று ஒருவன் டீக்கு எழுந்தால், பக்கத்து ஆள் அவ்வப்போது ஒரு தட்டுத் தட்டி அவன் இடத்தைக் காப்பாற்றுவான்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அவசர லீவு வேண்டியிருந்தது. நாகர்கோவிலில் என் மனைவி ஜெபராணிக்கு ஞாயிறு காலை ஆபரேஷன். மேனேஜர் கையெழுத்து வாங்கி, கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். லீவுப் பதிவு மதியம் பன்னிரண்டுக்கு மூடினால் திங்கள்தான் திறக்கும். பதியாமல் ஊருக்குப் போனால் வேலை போய்விடும். "வந்துருவியளா?" என்று முந்தின நாள் கேட்டிருந்தாள். வந்துவிடுவேன் என்றேன்.

மேனேஜர் கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார் என்று பத்து மணிக்கு நான் வேலை பார்க்கும் குடோனுக்கு ஆள் வந்தது. பக்கத்து நாற்காலிப் பாண்டித்துரையிடம் வழக்கம்போல "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். கையெழுத்து விழும்போது பதினொன்றரை. அங்கேயே ஒரு திரை முன்னால் உட்கார்ந்தேன். இடமில்லை என்றது.

திரும்பத் திரும்பத் தட்டினேன். அங்கிருந்தவர்களைக் கெஞ்சினேன். எல்லார் திரையிலும் பாதி எழுதிய வேலை அனுமதி. அதற்காக வெயிலில் ஆட்கள் நிற்கிறார்கள், யாரை எழுப்ப? குடோனில் என் இடம் எப்போதோ போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். டீக்குப் போனவனுக்குத் தட்டலாம், ஒன்றரை மணி நேரம் எவன் தட்டுவான்? பன்னிரண்டு மணிக்குப் பதிவு மூடியது.

குடோனுக்குத் திரும்பினேன். பாண்டித்துரை நாற்காலியை என் மேஜையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தான். திரையில் என் பெயர் அப்படியே இருந்தது. பன்னிரண்டாவது ஆள் நான்தான்.

"உங்க இடத்த விடலண்ணே. டீக்குக்கூட எந்திரிக்கல."

அறைய வேண்டும் போலிருந்தது. எனக்காக உட்கார்ந்திருந்தவனை எப்படி அறைவது? போய்ச் சாப்பிடச் சொன்னேன்.

ஆலைக்குள் ஃபோன் கூடாது. கேட்டுக்கு வெளியே வந்து ஜெபராணியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"டிக்கெட் போட்டாச்சா?" என்றாள்.