ஏறியதும் ஏற்றியதும்

"அரிசியக் கையில வச்சுக்கிட்டு எங்கடி போற?"

அம்மா பூவம்மா கேட்டதைக் காதில் வாங்காமல் மோகனப்பிரியா நடந்தாள். வாய்க்கரிசி உள்ளங்கை வேர்வையில் கசகசத்தது. சிங்கப்பூர் சுவா சூ காங் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், வாடகை மின்விசிறிகளுக்கு நடுவே, அப்பா அழகேசன் பெட்டிக்குள் படுத்திருந்தார். நெற்றியில் காசு. உயிரோடு இருந்தபோது இருந்த அதே இறுகிய வாய். மண்டாய் தகனச் சாலைக்குப் போகும் வண்டி மூன்று மணிக்கு.

வந்தவர்களில் ஒருவர் மட்டும் உட்காராமல் தூணோரம் நின்றார். செக்யூரிட்டி சீருடையோடு ஃபாரூக். பத்தொன்பது வருடத்துக்கு முன் அப்பாவோடு ஒரே கப்பலில் ஆஃபீசராக இருந்தவர். டியூட்டியில் தூங்கினார், கப்பல் பாறையில் ஏறிவிட்டது என்று சொல்லி அவர் சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணையில் அப்படிச் சொன்னது சுக்கான் பிடித்த அழகேசன்தான். அதற்குப் பிறகும் இந்த ஆள் ஏன் ஒவ்வொரு தீபாவளிக்கும் பாண்டான் கேக்கோடு வந்து நின்றார்? இன்றைக்கு எதை மோப்பம் பிடிக்க வந்திருக்கிறார்?

அவளால் யாரையும் நம்ப முடியவில்லை. முதலில் அம்மாவை.

முந்தாநாள் காலை ஆஸ்பத்திரியில் அப்பா கண்ணைத் திறக்காமலே முனகினார். "அவன் முழிக்க மாட்டான்... ஏத்திட்டோம்."

அம்மா முந்திக்கொண்டாள். "சரக்கு ஏத்துனதச் சொல்றாரு. மருந்து மயக்கம்."

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?

இத்தனை வருடமும் அந்த வீட்டில் "கப்பல் ஏறிடுச்சு" என்றுதான் பேச்சு. தானே கால் முளைத்துப் போய் ஏறியது மாதிரி. ஏறியது தன்வினை, ஏற்றியது பிறவினை என்று தமிழ் டீச்சர் போர்டில் எழுதிப்போட்டது அவளுக்கு மறக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள், அங்கே சட்டப் புத்தகத்தில் படித்ததும் மறக்கவில்லை. பிரிவு 439. சரக்கைத் திருடும் நோக்கத்தோடு வேண்டுமென்றே கப்பலைத் தரையேற்றுதல். "யாரு லா இதெல்லாம் செய்வா?" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். மோகனப்பிரியா சிரிக்கவில்லை. மீட்க ஆள் போனபோது சரக்கறை துடைத்துவிட்டது போலக் காலி. அலை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். ஏற்றியிருந்தது செம்புக் கம்பி. அது என்ன, மிதக்குமா? அந்த வருடம்தான் அவர்கள் வாடகை வீட்டை விட்டு இந்தச் சொந்த வீட்டுக்கு வந்தார்கள்.

ஏத்திட்டோம். அந்த 'ஓம்'மில் யார் யார்? கேப்டன் செத்துப்போனான். தூணோரம் நிற்கும் இவரும் உண்டா?

நேராக ஃபாரூக் முன்னால் போய் நின்றாள். "அங்கிள், அந்தக் கப்பல் ஏறுச்சா, ஏத்துனீங்களா?"

ஃபாரூக் கையில் அம்மா கொடுத்த கோப்பி, பேப்பர் கப்பில். சிரிக்கப் பார்த்தார். "லாயர் ஆயிட்ட லா நீ. யாரும்மா ஏத்துவா? நான்தான் தூங்கிட்டேன். பகலெல்லாம் நல்லாத் தூங்கி எந்திரிச்சவன். உங்கப்பா கோப்பி போட்டுக் கொடுத்தாரு, குடிச்சேன். அப்புறம் அவரு உலுக்கி எழுப்புனதுதான் தெரியும். கப்பல் இடிச்சு நின்னதுக்கே நான் முழிக்கலன்னா பாரு."

அவள் அவர் கையிலிருந்த கப்பைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரி ரபியா தும்முனாலே முழிச்சுக்குவேன். அவ இன்னும் கேப்பா, அன்னைக்கு மட்டும் உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு. என்னத்தச் சொல்றது?" குரலைத் தாழ்த்தினார். "ஆனா அண்ணன் ஒரு நாள் ஒரு வார்த்தை குத்திக்காட்டுனதில்ல. அந்த மனசு யாருக்கு வரும்? அதான் வர்றேன்."

அவன் முழிக்க மாட்டான்.

"பிரியா!" பெட்டியருகிலிருந்து அம்மா. "எல்லாரும் போட்டாச்சு. நீ வந்து போடு. பேச்செல்லாம் அப்புறம்." அதட்டல் இல்லை. கெஞ்சல் மாதிரி இருந்தது. அவள் கண் மகள் மேல் இல்லை, ஃபாரூக் மேல் இருந்தது.

செத்தவர் மேல் வழக்குக் கிடையாது. இந்த மனிதரோ பத்தொன்பது வருடமாகத் தன்மேல் தானே வழக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராம்மா?" ஃபாரூக் கேட்டார்.

"சொன்னாரு."

"பிரியா, வண்டி வந்துருச்சு டி!"

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க அங்கிள்."

உட்கார்ந்தார். அப்பா சொன்னதை அப்படியே சொன்னாள். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதலில் முன்பாதி. கொஞ்சம் பொறுத்துப் பின்பாதி.

பெட்டியருகில் அம்மா அரிசித் தட்டை ஏந்தியபடியே நின்றாள்.

ஃபாரூக் கப்பை வாயருகே கொண்டுபோனார். நிறுத்தினார். உள்ளே பார்த்தார். பிறகு குனிந்து, சிந்திவிடாமல், நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையில் வைத்தார். அதில் பாதிக்கு மேல் இருந்தது.