எஞ்சின் கழுவிய மண்ணெண்ணெய்

உதயகலா எஞ்சின் கழுவத் தொடங்கிய பதினேழாம் நாள் காலை, கிணற்றடி வேலிக்கு அப்பால் நின்று அவளுடைய அண்ணன் சிவகரன் ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

"கிணத்துக்கை மண்ணெண்ணெய் மணக்குது! எல்லாரும் வந்து மணந்து பாருங்கோ! உவள் செய்யிற வேலையை வந்து பாருங்கோ!"

ஆறு வருசமாக அவன் தங்கையோடு கதைத்ததில்லை. இப்போதும் அவளோடு கதைக்கவில்லை, ஊரோடுதான் கதைத்தான்.

மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரே வளவில் இரண்டு வீடுகள். தகப்பன் ஏரம்பு உயிரோடு இருக்கும்போதே காணியை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கிணறு மட்டும் இரண்டு பேருக்கும் பங்கு. இரண்டு பக்கமும் வேலி கிணற்றுக் கட்டு வரைக்கும் வந்து நிற்கும். அவன் அந்தப் பக்கம் தண்ணீர் எடுப்பான், அவள் இந்தப் பக்கம். பிரிக்க முடியாமல் மிஞ்சியது ஒஸ்ரின் கார். சந்தியில் நாற்பது வருசம் நின்று ஏரம்பு வாடகைக்கு ஓட்டிய கார் அது. கடைசி இரண்டு வருசம் படுக்கையில் கிடந்த மனிதரைப் பார்த்தவள் உதயகலா. அவர் காரை அவள் பேருக்கு எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். நினைவு தப்பிக் கிடந்தவரின் கையைப் பிடித்து அவள்தான் கையெழுத்துப் போடுவித்தாள் என்று சிவகரன் நம்பினான். அவளுக்குத் தெரியும், தகப்பன் கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டு, மூன்று தரம் வாசித்த பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

"கார் எடுத்து என்ன செய்யப்போறாள்? கோழி அடைக்கட்டும்" என்று அவன் சொன்னதாகக் கேள்விப்பட்டாள். உண்மையாகவே கொட்டிலுக்குள் நின்ற காரின் பின் சீற்றில் அப்போது ஒரு கோழி அடை கிடந்தது. அதுதான் அவளுக்குக் கூடுதலாகச் சுட்டது.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை அவளுக்கு. சித்திரை விடுமுறை வந்ததும் கொழும்புத்துறையிலிருந்து மெக்கானிக் எமில்ராஜைக் கூப்பிட்டாள். அவன் சங்கிலி கட்டி எஞ்சினைத் தூக்கி, பாகம் பாகமாகக் கழற்றிச் சாக்கில் பரப்பிவிட்டு, கடைச்சல் பட்டறைக்குக் கொடுக்க வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"மிச்சத்தை நீங்களே கழுவிப் பெயின்ற் அடியுங்கோ அக்கா. நான் கழுவினா அரைகுறையாத்தான் கழுவுவன். எனக்குப் பொறுமை இல்லை."

அவளுக்குப் பொறுமை இருந்தது. பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு பாகத்தையும் ஒரு பகல் ஊறவைத்து, கம்பி பிறஷால் உரஞ்சினாள். மூலைகளுக்குப் பழைய பல் பிறஷ். கரி, கிறீஸ், மண் எல்லாம் சேர்ந்து இறுகிய கறுப்பு, முதலில் கல் மாதிரி நிற்கும். பிறகு களியாகும். பிறகு வடியும். நாலாம் நாள் வால்வு மூடியின் கறுப்புக்கு அடியிலிருந்து பச்சை நிறம் எட்டிப் பார்த்தது. அந்தப் பச்சையையே தேடி வாங்கினாள். கழுவிய மண்ணெண்ணெயை ஒரு சொட்டும் நிலத்தில் ஊற்றவில்லை. குளியலறைக்குப் பின்னால் வைத்த நீலப் பிளாஸ்ரிக் கலனில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி வைத்தாள்.

ஆகையால் அன்று காலை அவள் பயப்படாமல்தான் கிணற்றடிக்குப் போனாள். அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். வாளித் தண்ணீரை ஆள் மாறி ஆள் மணந்து பார்த்தார்கள். மணந்தது உண்மை. தண்ணீரின் மேல் மெல்லியதாய் வானவில் படலமும் மிதந்தது.

"அண்ணைக்குச் சொல்லுங்கோ" என்றாள் அவள், அண்ணனைப் பார்க்காமல். "என்ரை மண்ணெண்ணெய் எல்லாம் கலனுக்கை இருக்கு. கிணத்துக் கட்டிலை குந்திக்கொண்டிருக்கிற தன்ரை மிசினை ஒருக்காக் குனிஞ்சு பாக்கச் சொல்லுங்கோ."

எல்லோரும் குனிந்தார்கள். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசின், அதுவும் மண்ணெண்ணெயில் ஓடுகிற மிசின், கிணற்று வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. மண்ணெண்ணெய்த் தாங்கியின் திருகுக்குக் கீழே சீமெந்து கறுத்து ஈரமாய் இருந்தது.

"மெய்தானே சிவகரன்" என்றார் ஒருவர். "உன்ரை மிசினெல்லோ ஒழுகுது. பேந்தேன் உந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்லுறாய்?"

பின்னால் நின்ற சிவகரனின் மனைவி தக்சாயினி எல்லோர் முன்னிலையிலும் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். உதயகலாவுக்கு வயிறு குளிர்ந்தது.

பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் வந்து போத்தலில் தண்ணீர் எடுத்தார். முடிவு வரும் வரைக்கும் குடிக்கவும் கூடாது, இறைக்கவும் கூடாது என்றார். அவளுக்குப் பெரிய கரைச்சல் இல்லை. தனி ஆள், பக்கத்து வீட்டில் இரண்டு குடம் எடுத்தால் போதும். சிவகரனுக்கோ எட்டுப் பரப்புக் காணியில் வெங்காயம் நாற்பது நாள் பயிராக நின்றது.

அடுத்த நாள் காலை பேசினில் கிடந்த அழுக்கை ஊற்றப் போனாள். கலனைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று பிடித்துத் தூக்க, அது வெறும் கலனாகக் கையோடு எழும்பியது. நிலை தடுமாறினாள். கவிழ்த்துப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து நொறுங்கிய அடியில் கை நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கீழே செம்மண் கறுத்து ஊறிக் கிடந்தது. போன கிழமை இரண்டு நாள் இடிமழை பெய்திருந்தது. மண்ணுக்குக் கீழே இரண்டு அடியில் சுண்ணக்கல், கல்லெல்லாம் வெடிப்பு. கிணறு பதினைந்து காலடி தூரம். யாரும் வந்து விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கறுத்த மண்ணை வெட்டிச் சாக்கில் கட்டினாள். கலனைப் பழைய தகரங்களுக்குள் தள்ளினாள். அந்த இடத்தின் மேல் ஒரு தகரத்தைப் போட்டு, தகரத்தின் மேல் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியைப் பெயின்ற் அடிக்க வைத்தாள்.

சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தாள். வேலிக்கு அப்பால் தக்சாயினியின் குரல் கேட்டது.

"ஊருக்கு முன்னாலை மானம் போச்சு! ஒழுகுற மிசினைத் திருத்த வக்கில்லை, அடுத்தவையிலை பழி போட வந்திட்டீர்!"

நல்லாய்க் கேட்கட்டும் என்று உதயகலாவுக்குப் பட்டது. ஆறு வருசம் கள்ளி என்று சொன்னவன் ஒரு நாள் கேட்கட்டும். அந்த ஒரு நாள் நாலு நாளாயிற்று. வேலியால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகி மடங்கிக்கொண்டு வந்தது. சிவகரன் சைக்கிளில் கலன் கட்டி எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து வாளியால் தெளித்தான். எட்டுப் பரப்புக்கு அது எந்த மூலைக்கு? படட்டும் என்று நினைத்துக்கொண்டு பிறஷை எடுத்தாள். அந்த நாட்களில் வால்வு மூடிக்கு அடித்த பெயின்ற்றில் ஒரு திட்டும் இல்லை, வேறு எந்தப் பாகத்துக்கும் அவள் அவ்வளவு சுத்தமாய் அடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை படலை திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினாள். சிவகரன். கையில் ஒரு தட்டு. தட்டில் மிசினின் காபிரேற்றர், தாங்கித் திருகு, வாஷர்கள்.

"கலா" என்றான்.

அவள் எழும்பவில்லை.

"எல்லாம் கழட்டிப் பாத்திட்டன். எங்கை ஒழுகுதெண்டு எனக்குப் பிடிபடேல்லை. நீ நல்லாத் துப்பரவாக்குறாய் எண்டு உந்த மெக்கானிக் பொடியனே சொல்லுறான்." தொண்டையைச் செருமினான். "அண்டைக்குக் கத்தினது… என்னிலைதான் பிழை. ஒருக்காப் பாத்துத் தாவன்."

தட்டை வாங்கினாள். ஏற்கனவே அவன் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தான். காபிரேற்றரின் சின்னத் துவாரத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள், ஊதினாள். வாஷர் ஒன்று லேசாய்த் தேய்ந்திருந்தது. ஒரு நாளைக்கு நாலு சொட்டு விழும், அவ்வளவுதான். அந்த வாஷரைக் காட்டி, இதுதான் காரணம் என்று சொன்னால் காணும். அண்ணன் அவளிடம் திரும்பி வந்துவிடுவான். அவனோ அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு, சொல்லப்போவதை எதிர்பார்த்து நின்றான். பொய் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"இது இல்லை அண்ணை" என்றாள். "உங்கடை மிசின் இல்லை. என்ரை கலன்தான் அடி வெடிச்சு ஒழுகிப் போட்டுது."

அவன் உடனே கோபப்படவில்லை. தகரத்தைப் பார்த்தான், எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தான்.

"எப்ப தெரியும் உனக்கு?"

இங்கேயும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. "நீங்கள் கத்தினதுக்கு அடுத்த நாள்."

"நாலு நாள்" என்றான் மெதுவாக. "நான் சைக்கிளிலை தண்ணி இழுக்கிறதை வேலியாலை பாத்துக்கொண்டிருந்தனி. என்ன? பாத்துக்கொண்டிருந்தனிதானே?"

"ஓம்."

தட்டிலிருந்த பாகங்களைப் பொறுக்கிச் சாரத்து மடிக்குள் போட்டான். திரும்பும்போது, பெயின்ற் காயவைத்திருந்த மர வாங்கைக் காலால் எத்தினான். வால்வு மூடி ஈரப் பெயின்ற்றோடு மண்ணில் குப்புற விழுந்தது.

"அப்பாட்டைக் கையெழுத்து வாங்கினதும் இப்பிடித்தான் எண்டு இனி ஆருக்கும் நான் சொல்லத் தேவையில்லை" என்றான். "நீயே சொல்லிப்போட்டாய்."

அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடி கேட்டதையும் மூன்று தரம் வாசித்ததையும் சொல்ல வந்தாள். நாலு நாள் ஒளித்தவள் சொல்லுவதை யார் நம்புவார்கள்? அவன் படலையை அடித்துச் சாத்திக்கொண்டு போனான்.

அன்று பின்னேரம் உதயகலா தானே போய்ச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னாள். அன்றைக்கு வந்து மணந்து பார்த்த வீடுகளுக்கும் போய்ச் சொன்னாள். "அப்ப அவன் சொன்னது மெய்தான்" என்றார்கள் சிலர். சிலர் கதவைச் சாத்தினார்கள். எமில்ராஜ் கொண்டுவந்த பெரிய மிசினால் கிணற்றை மூன்று தரம் அடிவரை இறைத்தார்கள். ஊறின மண்ணைக் கல் தெரியும் மட்டும் வெட்டி அகற்றினார்கள். மூன்று நாளும் சிவகரன் தன் பக்கத்துக் கட்டில் கை கட்டி நின்று பார்த்தான். ஒரு வாளிக்கும் கை கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணீர் கொண்டுவந்த தக்சாயினி, இறைத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு உதயகலாவைத் தாண்டிப் போனாள்.

தண்ணீர் நல்லதென்று கடிதம் வந்தபோது வெங்காயத்தில் பாதி போய்விட்டது. தப்பினதை அவன் கிண்டி எடுத்தான். பட்டுப்போன பாதியை உழாமல், அவளுடைய வேலிக்கரையோடு அப்படியே விட்டான். காலையில் அவள் முகம் கழுவப் போனால் அதுதான் கண்ணில் படும்.

அவள் வால்வு மூடியை மறுபடியும் உரஞ்சிக் கழுவினாள், மண்ணெண்ணெய் இல்லாமல், சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டு. இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. ஆனி மாதம் எமில்ராஜ் எஞ்சினைப் பூட்டினான். இரண்டாம் தரம் கைப்பிடியைச் சுற்றக் கார் புகைத்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கியது. "புதுக் கார் தோத்துப் போகும் அக்கா" என்று அவன் துள்ளினான். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு சாவகச்சேரியில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போகக் காரை வெளியே எடுத்தாள். குறுகிய ஒழுங்கையின் நடுவில் சிவகரனின் சைக்கிள் குறுக்கே நின்றது. அவன் பக்கத்து மதிலில் சாய்ந்திருந்தான். அவள் ஹோர்ன் அடிக்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. அவன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கார் பக்கம் திரும்பாமல், அசையாமல் நின்றான். ஐந்து நிமிசமாவது இருக்கும். பிறகு தக்சாயினி வந்து, ஒருவரையும் பார்க்காமல், சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

உதயகலா கியரைப் போட்டாள். அவனைக் கடக்கும்போது அவனுடைய முகம் ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவன் நிலத்தில் துப்பினான். அவள் வீதியைப் பார்த்து ஓட்டினாள்.