மணி எப்படி நின்றது

படத்தில் எந்த மணி அடித்தாலும் அக்கா 'மணி ஒலிக்கிறது' என்றுதான் எழுதுவாள். காது கேளாதவர்களுக்காகப் படங்களின் அடியில் ஓடும் வரிகளை எழுதுவது அவள் வேலை. வாரத்துக்கு மூன்று படம் முடித்தாக வேண்டும். மணியோடு மல்லுக்கட்ட நேரம் ஏது? தம்பிதான் ஒருநாள் பிடித்துக்கொண்டான்.

"ஏங்க்கா, சைக்கிள் மணியும் மணி, சாவு மணியும் மணியா? நான் ஒதுங்கணுமா அழணுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதினாறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவனுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. இப்போது முப்பத்திரண்டு. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவான். வீட்டு அறையிலேயே புத்தகம் பைண்டு செய்து பிழைத்தான்.

அதன்பின் சாயங்காலங்களில் அம்மா, அக்கா, தம்பி மூவரும் உட்கார்ந்து மணிகளைப் பிரித்தார்கள். கணீர் என்றால் கனத்த வெண்கல மணி, நாக்கு ஒருமுறை ஓங்கிப் பட்டது. டண் என்றால் பள்ளிக்கூடத்தில் தொங்கும் இரும்புத் துண்டு, வால் இல்லாத சத்தம். கிணிங் சைக்கிளுடையது. கிணிகிணி, கையில் பிடித்து அவசரமாக ஆட்டுகிற சின்ன மணி. ரீங்காரத்தில்தான் சண்டை வந்தது. அது வண்டுக்கு மட்டும்தான் என்றாள் அக்கா.

"மணி நின்னப்புறம் காத்துல மிச்சம் இருக்குமே, அதுக்கும் அதுதான்" என்றான் தம்பி. காது கேட்கிற இருவரும் கேட்காதவனிடம் தோற்றுப்போனார்கள்.

"உங்கப்பாவுக்குக் கணீர்னு குரல்" என்றாள் அம்மா பெருமூச்சோடு.

"எனக்கு நல்லா ஞாபகமிருக்கும்மா. அது விரிசல் விட்ட அண்டா. ணொங்" என்றான் தம்பி.

அம்மா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சையை இதயம் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கட்டிலோடு கட்டிலாகிப்போன அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் தம்பி ஒரு சுவிட்ச் பொருத்தினான். அழுத்தினால் அவன் மேசைக்கு மேலே சிவப்பு பல்பு எரியும். அக்கா வீட்டில் இருக்கும் நேரத்தில் அவளைக் கூப்பிட ஒரு சின்னக் கைமணியும் தலைமாட்டில் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை, பஸ்ஸில் போகும்போது அக்காவின் கைபேசிக்கு மின்சார அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: பராமரிப்பு வேலை, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மின்சாரம் இருக்காது. தம்பிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. ஆபீசில் கால் வைத்ததும் மேலாளர் ஒரு அவசரப் படத்தைத் தலையில் கட்டினார். சொல்ல நினைத்தது நினைத்ததோடு போயிற்று.

ஜன்னல் வெளிச்சத்தில் புத்தகம் தைத்துக்கொண்டிருந்த தம்பிக்குக் கரண்ட் போனது தெரியவில்லை. நாலு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு போனவன், அம்மாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்குவதைப் பார்த்தான். மணி தரையில் கிடந்தது.

சாவு வீட்டுக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, கீழ்வீட்டுத் தையல்காரம்மா அக்காவைத் தனியே கூப்பிட்டாள். "மணி சத்தம் கேட்டுச்சும்மா. நீ வீட்ல இருக்கேன்னு நெனச்சுட்டேன். அப்புறம் நின்னுச்சு, சரி நீ அம்மாகிட்ட போயிட்டேன்னு இருந்துட்டேன். பாவி நான்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. தம்பிகிட்ட மூச்சு விடாதீங்க" என்றாள் அக்கா.

இரண்டு வாரம் தம்பி ஊசியையும் நூலையும் தொடவில்லை. பிறகு ஒரு காலையில் கேட்டான்: "அம்மா மணி அடிச்சாங்களாக்கா?"

"இல்லடா. தூக்கத்துலயே போயிட்டாங்க."

அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறு வருஷமாக உதடு படிக்கிறவனிடம் பொய் எத்தனை நேரம் நிற்கும்? எழுந்து நேரே கீழே போனான். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

தையல்காரம்மா அக்காவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மிஷினிலிருந்து காலை எடுத்தாள். "அடிச்சாங்கப்பா."

"எப்படி?"

"எப்படின்னா... மணி மாதிரிதான்."

அவன் உள்ளங்கையை விரித்து அவள் முன்னால் நீட்டினான். "இதுல தட்டிக் காட்டுங்க."

அவள் தயங்கித் தயங்கி விரலை வைத்தாள். முதலில் வேகமாக, இடைவெளி விடாமல் தட்டினாள். பிறகு மெதுவாக. பிறகு நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக. கடைசியாக ஒரு தட்டு, அழுத்தமே இல்லாமல். அதற்குமேல் அவளால் முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தம்பி மாடிப்படியில் உட்கார்ந்தான். "கிணிகிணின்னு ஆரம்பிச்சிருக்கு" என்றான் தனக்குத்தானே. "அப்புறம் கிணி... கிணி. கடைசியில வெறும் கிண்." அழுகையில் குரல் உடைந்தது. "எப்படி நின்னுச்சுன்னு தெரியணும்கா. தெரியலன்னா எனக்குள்ள அது அடிச்சுக்கிட்டே இருக்கும்."

அக்கா அவன் முகவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள். அவன் தன் உதட்டைப் பார்த்தால்தான் அவளால் சொல்ல முடியும். "கரண்ட் போகும்னு எனக்குக் காலையிலயே தெரியும்டா. உனக்குச் சொல்ல மறந்துட்டேன். அதை மறைக்கத்தான் பொய் சொன்னேன். உனக்காக இல்ல, எனக்காக."

அவன் அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்தான். தெருவில் இறங்கிப் போனான். பின்னால் கூப்பிட்டுப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும். கூப்பிட்டால் கேட்காது.

இருட்டத் தொடங்கியபோது திரும்பி வந்தான். கையில் ரொட்டிப் பொட்டலம். பிரித்து, இரண்டு தட்டில் வைத்து, ஒன்றை அவள் பக்கம் தள்ளினான்.

"கோவம் போகல" என்றான். "சாப்டு."

அவள் உடனே சாப்பிட்டாள், அவன் பார்க்கும்படியாக.